கங்கம்மாள் சலித்த மண்

பூண்டி நீர்த்தேக்கத்துக்கு மேலே, ஓடைக்கரையில் கூடாரம் போட்டிருந்தவர்கள் சல்லடை பிடிக்கப் பெண்கள் வேண்டும் என்று ஆள் அனுப்பியபோது கங்கம்மாள் கெண்டை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். 1964, தை மாதம்.

"இன்னா வேலையாம்?" என்று கேட்டாள்.

"மண்ணு சலிக்கணுமாம். கல்லு பொறுக்கணுமாம். அதுக்குக் கூலியும் தராங்களாம், பாரேன்" என்று சிரித்தான் வந்தவன்.

பாதி உரசிய மீனைச் சட்டியில் போட்டு மூடிவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் அவன் பின்னால் நடந்தாள்.

அவளும் புருஷன் ராஜவேலுவும் பழவேற்காடு ஏரியோரக் குப்பத்துக்காரர்கள். ஒரு புயலில் படகு இரண்டாகப் பிளந்துபோனது. பூண்டியில் மீன்பிடிக் குத்தகை எடுத்தவர் வலை வீசத் தெரிந்த ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, கைக்குழந்தை ரத்னாவைத் தூக்கிக்கொண்டு மேற்கே வந்துவிட்டார்கள். ராஜவேலுவுக்கு அந்த ஏரி ஒட்டவே இல்லை. "உப்பில்லாத தண்ணியில வளர்ற மீனுக்கு இன்னா ருசி இருக்கும்?" என்று தினமும் ஒருமுறையாவது சொல்லிவிடுவான். கங்கம்மாளுக்கு உப்பும் ஒன்றுதான், நல்ல தண்ணீரும் ஒன்றுதான். அவளுக்கு ஒரே இடத்தில் இருக்க முடியாது என்பதுதான் தொல்லை. குப்பத்தில் இருந்தபோதும் அவள் பாதம் ஓரிடத்தில் பாவியதில்லை. சோறு வேகும் நேரத்துக்குள் நாலு வீடு சுற்றிவிட்டு வருவாள்.

ஓடைக்கரையில் சதுரம் சதுரமாகக் குழி வெட்டியிருந்தார்கள். வெட்டிய மண்ணை, மூன்று கம்பு கட்டித் தொங்கவிட்ட சல்லடையில் கொட்டி ஆட்டவேண்டும். மண் கீழே இறங்கிவிடும், மேலே தங்கும் கல்லைப் பெண்கள் பார்த்துப் பொறுக்கவேண்டும். மற்றவர்கள் எல்லாக் கல்லையும் கூடையில் அள்ளிப் போட்டார்கள். கங்கம்மாள் மூன்றாம் நாளே வேறு மாதிரி செய்ய ஆரம்பித்தாள். கரைக்கு வந்த வலையிலிருந்து இறால் வேறு, நண்டு வேறு, பொடி மீன் வேறு என்று பேச்சுக்கு நடுவே, பார்க்காமலே பிரித்த கை அது. ஓடை உருட்டிய கல் எல்லாப் பக்கமும் மழமழவென்று இருந்தது. சில கற்களில் மட்டும் ஓரம் சில்லு சில்லாகத் தட்டி எடுத்திருந்தது. இரண்டு பக்கமும் தட்டியது. அடிப்பக்கம் தடித்து உள்ளங்கையில் போய் உட்கார்ந்தது, நுனி கூராக நின்றது. அவற்றைத் தனியாக வைத்தாள்.

அந்தக் குவியலை முதலில் கவனித்தவன் எம்பார். தோண்டுகிற இடத்தில் கிடைத்ததையெல்லாம் படம் வரைவது அவன் வேலை. இருபத்திரண்டு வயதிருக்கும். திருவள்ளூர்க் கோயிலில் தலைமுறை தலைமுறையாக மடைப்பள்ளிக் கைங்கர்யம் செய்யும் வீட்டுப் பிள்ளை. மடைப்பள்ளிக்குப் போகாமல் சித்திரம் படித்துவிட்டு இங்கே வந்து புழுதியில் உட்கார்ந்திருப்பதில் அவன் அப்பா ராமஸ்வாமிக்குப் பெரிய மனக்குறை.

"ஏம்மா, இதையெல்லாம் யார் உனக்குப் பிரிக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல சாமி. இதுங்க தானா ஒடஞ்ச கல்லு இல்ல. எவனோ குந்திக்கினு தட்டியிருக்கான்."

எம்பார் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். நாற்பது கற்களில் ஒன்றுகூடத் தப்பில்லை. வடக்கிலிருந்து வந்திருந்த தொல்பொருள் இலாகாவின் பெரிய அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினான். அதிகாரி அவளை ஒரு தடவை, கல்லை ஒரு தடவை பார்த்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மறுநாளிலிருந்து நான்கு சல்லடைக்கும் கங்கம்மாள்தான் கடைசிப் பார்வை.

"இத செஞ்சவங்க யாரு சாமி?" என்று ஒரு மத்தியானம் கேட்டாள்.

"ரொம்ப ரொம்ப முன்னாடி இருந்தவா. இரும்பு தெரியாது, பானை தெரியாது. கல்லுதான் கத்தி, கல்லுதான் கோடாலி. லட்சம் வருஷத்துக்கும் மேலே இருக்கும்ங்கறா."

லட்சம் என்பது கங்கம்மாளுக்குப் பிடிபடவில்லை. அவள் அதை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டாள்.

"அவங்க எலும்பு எங்க?"

எம்பார் எழுந்தான். போய் அதிகாரியிடம் கேட்டான். அதிகாரி முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு தலையை ஆட்டினார். இந்தப் பக்கத்தில் இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லையாம். இந்த மண்ணில் எலும்பு தங்காது போலிருக்கிறது என்றாராம்.

"இவ்ளோ கல்லு கெடக்குது. ஒரு பல்லு கூடவா தங்கல?"

"கெடைக்கலம்மா. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவன் சொல்லிவிட்டான். அவளால் அப்படி விட முடியவில்லை. சலித்து இறங்கிய மண்ணை இன்னொரு முறை சலித்தாள். மேஸ்திரி திட்டினார். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் நிழலில் சாய்ந்திருக்கும்போது அவள் மண்மேட்டைக் கையால் அளைந்துகொண்டிருப்பாள். பத்தாயிரம் பேர் உட்கார்ந்து தட்டியது போலக் கல் கிடக்கிறது. அத்தனை பேரும் எங்கேயாவது செத்திருக்கவேண்டுமே? பெற்றவள் இருந்திருப்பாள், பிள்ளை இருந்திருக்கும், பல் விழுந்திருக்கும். ஒன்றுமே இல்லை என்றால் எப்படி?

இரண்டாம் வருஷம் வேலை முடிந்தது. குழியை மூடினார்கள். கற்களை மரப்பெட்டிகளில் வைக்கோல் போட்டு அடுக்கி லாரியில் ஏற்றினார்கள். எம்பார் தன் சென்னை விலாசத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். கூடாரம் இருந்த இடத்தில் நாலு முளைக்குச்சிகள் மட்டும் நின்றன. கங்கம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. பகலானால் ஓடைக்கரைதான். மழை அறுத்த இடமெல்லாம் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே மைல் கணக்கில் நடந்தாள். மடியில் கட்டிக்கொண்டு வந்த கற்கள் குடிசைக்குப் பின்னால் குவிந்தன. ஒருநாள் வலைக்குக் குண்டு போதவில்லை என்று ராஜவேலு அதில் அழகான ஒன்றை எடுத்துக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கிவிட்டான். அவள் போட்ட சத்தத்தில் கரையிலிருந்த கொக்கெல்லாம் பறந்தன.

"கல்லுமே அது! வெறும் கல்லு!"

"ஒனக்குக் கல்லு. அதுல ஒருத்தன் கை இருக்குதுய்யா."

"எவன் கை இருந்தா எனக்கின்னா? எங்கூட்டுப் பொம்பள கை சட்டியில இல்லையே, அதான் எனக்குப் பேஜாரு!"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவளுக்கே அது தெரிந்ததால் கோபம் இன்னும் அதிகமானது.

குத்தகை கை மாறியதும், எழுபத்தொன்றில் அவர்கள் கும்மிடிப்பூண்டிக்கு வந்தார்கள். கம்பெனிகள் வரப்போகின்றன, வேலைக்குப் பஞ்சமில்லை என்று பேச்சு. ராஜவேலு ஒரு செங்கல் சூளையில் லோடு ஏற்றினான். கங்கம்மாள் கட்டட வேலையில் சித்தாள் ஆனாள். பள்ளமான இடத்தையெல்லாம் மேடாக்க லாரி லாரியாகச் சரளை மண் வந்து இறங்கியது. அங்கேதான் அவளுக்கு மறுபடியும் பிடித்துக்கொண்டது. லாரி கொட்டிய குவியலில் ஓடைக்கரையில் பார்த்த அதே மஞ்சள் கல், அதே தட்டிய ஓரம். ஒரு லாரியில் ஒன்று, இன்னொரு லாரியில் மூன்று. ரோடு ரோலர் வருவதற்குள் ஓடி ஓடிப் பொறுக்கினாள். கூட வேலை செய்தவர்கள் கல்லுக் கங்கா என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் பள்ளிக்கூடம் வரைக்கும் போய், பத்து வயது ரத்னா அழுதுகொண்டு வந்தாள்.

"பசங்கல்லாம் கிண்டல் பண்றாங்கமா. இதெல்லாம் தூக்கிப் போட்டுடேன்."

 மகள் தூங்கியபிறகு கங்கம்மாள் அவளுடைய கண்ணீர் காய்ந்த முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் வேலை முடிந்து மடியில் கல்லோடுதான் வந்தாள்.

1974 பங்குனியில் கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே சரளைக் குழி ஒன்றில் வேலை கிடைத்தது. புதிதாக எழும்பும் தொழிற்சாலைக்கு அடுத்த நிலம். பாதியை வெட்டி மண் எடுத்துவிட்டு, பிற்பாடு அங்கேயும் கட்டடம் வரும் என்றார்கள். மேஸ்திரி முனிகிருஷ்ணன் ஆந்திர எல்லைப்புறத்துக்காரர். நாலு வார்த்தைக்கு ஒரு நைனா போடுவார், கை ஓங்காமலே ஆளை நடுங்கவைப்பார்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு ஒருவனுடைய கடப்பாரை 'டொப்' என்று உள்ளே இறங்கியது. எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். மண்ணை ஒதுக்கிப் பார்த்தால், செம்மண் நிறத்தில் சுட்ட மண் பெட்டி. தொட்டி போல நீளம், இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் மேலே. அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள். மூடி மேலே சாய்ந்து கிடந்தது, கடப்பாரை அதில் ஓட்டை போட்டிருந்தது.

"பொதையல்டா!" என்றான் ஒருவன்.

அதற்கப்புறம் யாருக்கும் நிதானமில்லை. ஆளுக்கொரு சம்மட்டியைத் தூக்கினார்கள். கங்கம்மாள் கூடையை எறிந்துவிட்டுக் குழிக்குள் குதித்தாள். பெட்டிக்கும் சம்மட்டிக்கும் நடுவே நின்றாள்.

"ஒடைக்காதீங்க! இது பொணம் வெச்ச பொட்டி. தங்கம் இருக்காது."

"ஒனக்கெப்படித் தெரியும்? ஒத்தையில எடுத்துக்கினு போலாம்னு பாக்குறியா?"

"நகரும்மா" என்றார் முனிகிருஷ்ணன். "இன்னொரு தரம் சொல்ல மாட்டேன்."

 ஓடைக்கரையில் இரண்டு வருஷம் அவள் காதில் ஏறிய பாடம் ஒன்றே ஒன்றுதான்: இருப்பதை இருந்த இடத்திலிருந்து அசைக்காதே, அசைத்துவிட்டால் அது வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாது. எழுதி, வரைந்து, அளந்த பிறகுதான் கை வைக்கவேண்டும். இங்கே எழுத யார் இருக்கிறார்கள்? அரை நிமிஷத்தில் பெட்டி தூளாகிவிடும்.

"ஒடைச்சா உள்ள இருக்கிறதும் நொறுங்கிடும் மேஸ்திரி" என்றாள். "நானே எடுக்கறேன். ஒவ்வொரு பிடியா. அத்தினி பேர் கண்ணு முன்னால சலிக்கறேன். தங்கம் வந்தா நீங்களே எடுத்துக்குங்க, நான் கேக்கல."

முனிகிருஷ்ணன் கூட்டத்தைப் பார்த்தார். "சல்லடைய கொண்டாங்க நைனா" என்றார்.

மூடியைத் தூக்கி வைத்தார்கள். தலைக்கு மேலே வெயில். சுற்றி இருபது பேர். உள்ளே இறுகிய மண். அவள் ஒரு சாக்கை விரித்து, அதன் ஓரத்தில் சின்னச் சின்னக் கூழாங்கல் வரிசை ஒன்றை வைத்தாள். ஒவ்வொரு கூழாங்கல்லும் பெட்டியில் ஒரு சாண் நீளத்துக்குக் கணக்கு. பெட்டியின் கிழக்கு முனையில் ஆரம்பித்தாள். ஒரு பிடி மண், சல்லடை, ஒன்றுமில்லை. இன்னொரு பிடி, ஒன்றுமில்லை. பிறகு ஒரு கறுப்புக் கிண்ணம், உள்ளங்கையில் அடங்குவது. அதைச் சாக்கில் முதல் கூழாங்கல்லுக்கு எதிரே வைத்தாள். அடுத்து துருப்பிடித்த ஒரு இரும்புத் துண்டு. அடுத்து இன்னொரு கிண்ணம், கவிழ்ந்தது. கவிழ்ந்தபடியே வைத்தாள்.

நாலாவது சாணில் அவள் விரல் நின்றது. மெல்ல வெளியே எடுத்துச் சல்லடையில் தட்டினாள். மண் இறங்கியது. கம்பிமேல் ஐந்தாறு பற்கள் தங்கின. அரிசி அளவுதான் இருக்கும் ஒவ்வொன்றும், கொஞ்சம் பெரிது.

"இன்னாது?" என்று ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"பால் பல்லு" என்றாள் கங்கம்மாள். "கொழந்த."

 சம்மட்டி வைத்திருந்தவன் அதைக் கீழே போட்டான். முனிகிருஷ்ணன் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "மேலே ஒரு கூரை போடுங்கடா, வெயில் அடிக்குது" என்றார். அன்றைக்கு அந்தப் பக்கம் வேலை நடக்கவில்லை. கங்கம்மாள் மிச்ச மண்ணையும் பிடி பிடியாகச் சலித்து, வந்த எலும்பையெல்லாம் அதனதன் கூழாங்கல்லுக்கு எதிரே சாக்கில் வைத்தாள்.

பழைய துண்டுக் காகிதத்தில் இருந்த விலாசத்துக்கு ரத்னாவைக்கொண்டு எம்பாருக்கு எழுதவைத்த கடிதத்தை, எழுதிய கையோடு சென்னைக்கு ரயிலேறும் ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள் கங்கம்மாள். மூன்றாம் நாள் எம்பார் வந்தான். சென்னையில் ஒரு காட்சிசாலையில் வேலை, மூக்குக்கண்ணாடி ஏறியிருந்தது. கீற்றுக் கூரையடியில் பெட்டியையும் சாக்கையும் பார்த்தவன் முகம் சிவந்துபோனது.

"எல்லாத்தையும் வெளியே எடுத்துட்டேளா? கங்கம்மா, உங்களுக்கா தெரியாது? எது மேலே எது இருந்ததுன்னு இனிமே யார் சொல்லுவா?"

"நான் சொல்றேன்."

"நீங்க சொன்னா ஆச்சா?"

"ஆவாதா? அப்போ ஒடச்சித் தூளாக்கியிருந்தா ஆயிருக்குமா?" அவள் குரல் உயர்ந்து உடைந்தது. "மூணு நாளா நான் தூங்கல சாமி. தப்பா செஞ்சிட்டேனோ தப்பா செஞ்சிட்டேனோன்னு இத சுத்திச் சுத்தி வந்துக்கினு இருக்கேன். திட்டறதுன்னா அப்பறமா திட்டு. இப்போ காயிதத்த எடு."

எம்பார் காகிதத்தை எடுத்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, கையை மட்டும் பெட்டிக்குள் விட்டு, கூழாங்கல் வரிசைப்படி சொன்னாள். இந்தக் கிண்ணம் நிமிர்ந்து, இங்கே, நாலு விரல் ஆழத்தில். இரும்பு இப்படிக் குறுக்கே. பல் இங்கே, அதற்குக் கீழே தலை ஓடு, முட்டை ஓட்டைப் போல மெலிசு. அவன் வரைந்தான். மத்தியானத்துக்குள் பெட்டிக்குள் ஒரு சின்ன உடம்பு படுத்திருந்த விதம் காகிதத்தில் வந்துவிட்டது. எம்பார் வெகுநேரம் அதையே பார்த்தான்.

"இது கல்லுக்காரா இல்ல கங்கம்மா" என்றான் பிறகு, தணிந்த குரலில். "இவா நேத்திக்கு மாதிரி. ரெண்டாயிரம், ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷந்தான். இரும்பு உண்டு, நெல்லு உண்டு. பெரியவாளுக்குத்தான் இந்தப் பேழை நிறைய கெடைக்கும். கொழந்தைக்கு அளவெடுத்துப் பண்ணினது அபூர்வம். பெரிய வீட்டுக் கொழந்தையா இருந்திருக்கும்."

"பெரிய ஊடோ சின்ன ஊடோ, அவசரத்துல செஞ்சிருக்காங்க" என்றாள் அவள்.

"எப்படிச் சொல்றேள்?"

"காலப் பாரு. அஞ்சு கால் ஒழுங்கா இருக்குது, ஆறாவது கோணலு. உள்ள தொட்டுப் பாரு, தேச்சி வழவழப்பாக்கல. வெரல் பதிஞ்சது பதிஞ்சபடி நிக்குது." அவன் கையைப் பிடித்து உள்ளே வைத்தாள். நாலு விரல் பள்ளம், பக்கத்தில் இன்னொரு நாலு. "எவ்ளோ அவசரமா செஞ்சாலும் மண்ணு காயணும், சூளையில வேவணும். பத்து நாளாவது ஆவும். அந்தப் பத்து நாளும் கொழந்தய எங்க வெச்சிருந்தாங்க?"

எம்பார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "எங்கேயாவது மொதல்ல பொதைச்சிருப்பா. அப்பறமா எடுத்து... சரியாத் தெரியலை."

"தெரியலன்னா எப்டி சாமி?" என்றாள் அவள். பத்து வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே எரிச்சலோடு.

அதிகாரிகள் இரண்டு பேர் வந்து அளந்து, பேழையை வைக்கோல் சுற்றி எடுத்துப் போனார்கள். எம்பாரின் படத்தின் கீழே 'கூலியாள் வாய்மொழிப்படி' என்று ஒரு வரி எழுதவேண்டும் என்றார்கள், இல்லாவிட்டால் அறிக்கையில் சேர்த்துக்கொள்ள முடியாது. கூலியாள் என்பதை அடித்துவிட்டு 'கங்கம்மாள் வாய்மொழிப்படி' என்று அவன் எழுதினான். அது அப்படியே அச்சானதா இல்லையா என்பது அவனுக்கே தெரியவில்லை. குழியின் சுவரில் இன்னும் இரண்டு இடத்தில் மண் நிறம் மாறி வட்டமாகத் தெரிவதைக் கங்கம்மாள் அதிகாரிகளுக்குக் காட்டினாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று குறித்துக்கொண்டு போனார்கள்.

வேலை நின்றுபோன கோபத்தில் காண்டிராக்டர் அவளை அனுப்பிவிட்டார். முனிகிருஷ்ணன் அவரோடு வாதாடிப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்துத் தொழிற்சாலை கேண்டீனில் பாத்திரம் கழுவும் வேலைக்கு அவரே கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டார். அடுத்த வருஷம் யாரும் வரவில்லை. அதற்கடுத்த வருஷம் குழி மூடித் தளம் போட்டாகிவிட்டது. கங்கம்மாள் இரண்டு முறை அந்தக் காம்பவுண்டு கேட்டில் போய் நின்றாள். "யாரைப் பாக்கணும்?" என்று வாட்ச்மேன் கேட்டான். என்ன சொல்வது? திரும்பிவிட்டாள்.

கேண்டீனில் நிலையான வேலை, இரண்டு வேளைச் சாப்பாடு. ராஜவேலுவுக்கு நிம்மதி. கங்கம்மாளுக்கு நாலு சுவருக்குள் மூச்சு முட்டியது. தட்டைக் கழுவிக்கொண்டே வாசலைப் பார்ப்பாள். கீரை கழுவினால் அடியில் தங்கும் மண்ணை விரலால் தடவிப் பார்ப்பாள். ரத்னா ஒன்பதாம் வகுப்பு வந்திருந்தாள். சரித்திரப் புத்தகத்தில் கல்லாயுதப் படம் ஒன்று வந்தபோது, அது தலைகீழாக அச்சாகியிருக்கிறது என்று வாத்தியாரிடமே சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வெட்கம் இல்லை.

எழுபத்தேழு கார்த்திகையில் அடைமழை. கொசஸ்தலையாற்றில் வெள்ளம், கரைகள் சரிந்தன என்று கேண்டீனுக்கு வந்த டிரைவர்கள் சொன்னார்கள். வெள்ளம் வடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கங்கம்மாள் விடியலில் புடவையைத் தூக்கிச் செருகினாள்.

"எங்கமே?" என்றான் ராஜவேலு.

"பூண்டி ஓடைக்கு. கரை அறுத்திருக்கும். புது மண்ணு தெரியும்."

 பதிமூன்று வருஷமாகச் சண்டை போட்டுப் பார்த்தாகிவிட்டது. "தனியா எப்டிப் போவே? ரோடெல்லாம் ஒடஞ்சி கெடக்குதாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே சட்டையை மாட்டினான்.

பெரியபாளையத்தில் பஸ் மாறி, ஊத்துக்கோட்டையில் இறங்கி நாஷ்டா தின்று, கிடைத்த லாரியில் பாதி, கால்நடையாகப் பாதி என்று போய்ச் சேர உச்சிவேளை ஆகிவிட்டது. ஓடை தன் கரையை ஆள் உயரத்துக்கு அறுத்துப் போட்டிருந்தது. கங்கம்மாள் இறங்கினாள். ஈர மண்ணில் தட்டிய கல் வரிசை வரிசையாகத் துருத்திக்கொண்டு நின்றது. அவள் கல்லைத் தொடவில்லை. கல்லுக்கு நடுவே, கல்லுக்குக் கீழே, வெள்ளையாக ஏதாவது, மெலிசாக ஏதாவது என்று முழங்காலிட்டுத் தேடினாள். சாயங்காலம் வரை தேடினாள். ஒன்றும் இல்லை.

ராஜவேலு முதலில் கரையில் உட்கார்ந்து பீடி பிடித்தான். பிறகு சலிப்பில் அவனும் இறங்கினான். "இது பாரு", "இது பாரு" என்று ஒவ்வொன்றாக நீட்டினான்.

"இல்ல. அது தண்ணி ஒடச்சது."

"இது?"

"அதுவும் இல்ல."

"எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்குது எனக்கு" என்றான் எரிச்சலாக. கொஞ்ச நேரம் கழித்து, தானே பள்ளத்தில் கை விட்டு ஒன்றை எடுத்தவன், நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். விரலை மடக்கிப் பார்த்தான், பிரித்துப் பார்த்தான். கட்டைவிரல் போய் உட்கார ஒரு இடம் இருந்தது.

"கங்கா" என்றான். "இது இடது கைக்காரன்."

அவள் நிமிர்ந்தாள். ராஜவேலு இடது கையால் வலை வீசுகிறவன். அவள் வாங்கித் தன் வலது கையில் வைத்துப் பார்த்தாள், உட்காரவில்லை. அவன் கையில் திருப்பி வைத்தாள், உட்கார்ந்தது. இத்தனை வருஷத்தில் அவள் ஒருநாளும் அப்படி யோசித்ததில்லை.

"எங்க எடுத்தே? எந்த எடத்துல? சரியாக் காட்டு" என்று பரபரத்தாள்.

"அதோ, அந்த வேருக்குக் கீழ."

அவள் அதற்குள் அங்கே போய்க் குனிந்துவிட்டாள். மேற்கே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. ராஜவேலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பஸ் போய்விடும், பஸ் போய்விடும் என்று சொல்லிக்கொண்டே அவள் பின்னால் சேற்றில் நடந்தான்.